சர்க்கரை நோய்க்கான மூலிகைகளும் ஆன்டிஆக்ஸிடன்ட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்மாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்த வாரத்திலேயே எங்கள் வீட்டு அடுப்படிக்கு ஆவாரம்பூ, வெந்தயம், நாவல்கொட்டைப் பொடி மூன்றும் வந்து சேர்ந்துவிட்டன. கொண்டுவந்து கொடுத்தவர்கள் எல்லாரும் அக்கறையோடுதான் கொடுத்தார்கள். நான் உயிர்வேதியியல் படித்தவன் என்பதால், "இதில் ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைய இருக்காமே, உண்மையா?" என்று உறவிலும் தெருவிலும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

ஆன்டிஆக்ஸிடன்ட் என்றால் என்ன?

செல்கள் ஆக்ஸிஜனைக் கொண்டு உணவை எரித்துச் சக்தி எடுக்கின்றன. அந்த எரிப்பில் ஒரு சிறு பங்கு அரைகுறையாக நின்றுபோய், ஜோடி இல்லாத எலக்ட்ரானோடு திரியும் மூலக்கூறுகளாகிவிடுகிறது. ஃப்ரீ ராடிக்கல் என்பது இதுதான். பக்கத்தில் இருக்கும் கொழுப்பு, புரதம், டிஎன்ஏ எதுவானாலும் அதிலிருந்து எலக்ட்ரானைப் பறிக்கும். பறிகொடுத்தது இன்னொன்றிடம் போய்ப் பறிக்கும். இந்தச் சங்கிலியைத் தன் எலக்ட்ரானைக் கொடுத்து நிறுத்துகிற பொருளுக்குத்தான் ஆன்டிஆக்ஸிடன்ட் என்று பெயர்.

சமையலறையிலேயே இதைப் பார்க்கலாம். நாள்பட்ட எண்ணெயில் வரும் காறல் வாடை, கொழுப்பு ஆக்ஸிஜனேற்றம் அடைந்ததால் வருவது. நல்லெண்ணெய் மட்டும் நெடுநாள் கெடாமல் நிற்கக் காரணம், எள்ளிலேயே செசமால் போன்ற ஆன்டிஆக்ஸிடன்ட்கள் இருப்பதுதான். நம் உடம்பும் தனக்கென்று சிலவற்றை வைத்திருக்கிறது: கேட்டலேஸ், சூப்பராக்ஸைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதிகள், குளூட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறு. செடியிலிருந்து வருவது இவற்றுக்கு மேல் சேரும் உபரிதான்.

சர்க்கரை நோய்க்கும் இதற்கும் என்ன தொடர்பு?

உண்மையான தொடர்பு இருக்கிறது. ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறினால் தசைச் செல்கள் ஓரளவு கதவைச் சாத்திக்கொள்ளும். விழித்திரையின் நுண்ணிய ரத்தக்குழாய், சிறுநீரக வடிகட்டி, நரம்பு ஆகியவற்றின் செல்களால் அது முடியாது. வெளியே எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவும் உள்ளே போகும். உள்ளே செல்லின் அடுப்பான மைட்டோகாண்ட்ரியா தாங்க முடியாத அளவு எரிக்கப்போய், சூப்பராக்ஸைடு என்ற ஃப்ரீ ராடிக்கல் பெருகுகிறது. அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் பிரவுன்லீ 2001-ல் இதை ஒரே சித்திரமாக விளக்கினார்: சர்க்கரையால் வரும் சேதத்துக்குத் தனித்தனியாகப் பேசப்பட்டு வந்த நான்கு வழிகளுக்கும் இந்தச் சூப்பராக்ஸைடுதான் பொதுவான தொடக்கம் என்றார். கண், கால், கிட்னி மூன்றும் சேர்ந்தே கெடுவது ஏன் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை.

இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களுக்கு இன்னொரு சங்கடம். கல்லீரலோடு ஒப்பிட்டால் அவற்றில் கேட்டலேஸ் மிகக் குறைவு. அதனால் அடி அவற்றுக்குச் சீக்கிரம் விழுகிறது.

ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே சர்க்கரை ஏறுவது முதலில், ஃப்ரீ ராடிக்கல் பெருகுவது அடுத்து. ஃப்ரீ ராடிக்கலைத் துடைத்தால் சர்க்கரை தானாக இறங்கிவிடும் என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது. சர்க்கரை மூலிகை பற்றிய பேச்சில் நடக்கும் குழப்பத்தில் பாதி இந்த ஓர் இடத்தில்தான்.

நம் பழைய வைத்தியத்தில் எந்தெந்தச் செடிகள் வருகின்றன?

சித்த மருத்துவம் இந்த நோயை மதுமேகம், நீரிழிவு என்று சொல்லும். அதற்குப் பேர்பெற்றது ஆவாரைக் குடிநீர். ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோஷ்டம், மருதம்பட்டை ஆகிய ஏழும் சேர்ந்த கஷாயம் அது. தனிச் செடிகளாகச் சிறுகுறிஞ்சான், வேங்கை, வெந்தயம், பாகல், கோவை, நெல்லி, சீந்தில், மஞ்சள் எல்லாம் உண்டு. அநேகமாக எல்லாமே துவர்ப்பு அல்லது கசப்பு. துவர்ப்பு என்பது பெரும்பாலும் டானின் போன்ற பாலிஃபீனால்களின் சுவை. பாலிஃபீனால்கள் சோதனைக் குழாயில் நல்ல ஆன்டிஆக்ஸிடன்ட்கள். ஆகவே இந்தச் செடிகளைச் சோதித்தால் ஆன்டிஆக்ஸிடன்ட் திறனைக் காட்டும் எண் அதிகமாக வருவதில் ஆச்சரியமே இல்லை. சொல்லப்போனால் சர்க்கரைக்குச் சம்பந்தமே இல்லாத துவர்ப்பான இலையை எடுத்துச் சோதித்தாலும் அப்படித்தான் வரும்.

அந்த எண்ணை எப்படி அளக்கிறார்கள்?

அதிகம் செய்யப்படுவது டிபிபிஎச் சோதனை. நானே பலமுறை செய்திருக்கிறேன். டிபிபிஎச் என்பது நிலையாக நிற்கும் ஒரு ஃப்ரீ ராடிக்கல். மெத்தனாலில் கரைத்தால் கருஊதா நிறம். அதில் செடிச்சாறு சில சொட்டு விட்டால், எலக்ட்ரான் கிடைத்து ஊதா வெளுத்து மஞ்சளாகும். அரைமணி நேரம் இருட்டில் வைத்து, 517 நானோமீட்டர் ஒளியில் எவ்வளவு வெளுத்தது என்று பார்ப்போம். நெல்லிச்சாறு விட்டால் கண்ணெதிரே வெளுக்கும். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். செலவு குறைவு, ஒரே நாளில் முடிவு வந்துவிடும். கல்லூரி ஆய்வுகளில் இது இவ்வளவு மலிந்து கிடப்பதற்கு அதுதான் காரணம்.

எண் அதிகம் என்றால் நல்ல மருந்துதானே?

இல்லை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், அந்தக் குழாயில் வயிறு இல்லை, குடல் இல்லை, கல்லீரல் இல்லை. பாலிஃபீனால்களில் சிறு பகுதிதான் குடலைத் தாண்டுகிறது. தாண்டியதையும் கல்லீரல் உடனே வேறு பொருளாக மாற்றிச் சிறுநீரில் தள்ளப் பார்க்கிறது. கடைசியில் ரத்தத்தில் மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு மைக்ரோமோலாருக்கும் (கரைசலில் ஒரு பொருளின் செறிவைச் சொல்லும் மிகச் சிறிய அலகு) கீழே. ஏற்கெனவே நம் ரத்தத்தில் இருக்கும் யூரிக் அமிலமே ஓர் ஆன்டிஆக்ஸிடன்ட்தான். அது சுமார் 300 மைக்ரோமோலார் இருக்கிறது. நிறைந்த குளத்தில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றுவது போலத்தான்.

அடுத்தது, உணவுப்பொருள்களின் ஆன்டிஆக்ஸிடன்ட் திறனை ஓராக் என்ற அளவில் பட்டியலிட்டு வைத்திருந்த அமெரிக்க வேளாண் துறை, 2012-ல் அந்தப் பட்டியலைத் தன் தளத்திலிருந்தே எடுத்துவிட்டது. குழாயில் வரும் அந்த எண்ணை மனித உடல்நலத்தோடு பொருத்திப் பார்க்க முடியாது, விற்பவர்கள் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். அதற்குப் பிறகும் பொடி டப்பாக்களில் அந்த எண்ணைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அப்படியானால் பாலிஃபீனாலால் பயனே இல்லையா என்றால், அப்படியும் இல்லை. செல்லுக்குள் என்ஆர்எஃப்2 என்று ஒரு புரதம் இருக்கிறது. சில தாவரப் பொருள்கள் செல்லை லேசாகச் சீண்ட, அது விழித்துக்கொண்டு உடம்பின் சொந்தக் காவல் நொதிகளைக் கூட்டுகிறது. இந்த வழி உண்மையாகவே நம்பிக்கை தருகிறது. ஆனால் டிபிபிஎச் எண் இதை அளப்பதில்லை.

எலிகளுக்குக் கொடுத்துச் சர்க்கரை குறைந்ததாகப் படித்தேனே?

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 2002-ஐ ஒட்டி ஆவாரம்பூவை வைத்துச் செய்த ஆய்வுகள் நன்கு அறியப்பட்டவை. சர்க்கரை நோய் உண்டாக்கிய எலிகளுக்குப் பூவின் சாறு கொடுத்தார்கள். சர்க்கரையும் குறைந்தது, திசுக்களில் கொழுப்பு ஆக்ஸிஜனேற்றமும் குறைந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்த எலிக்கு நோய் எப்படி வந்தது என்பது. ஸ்ட்ரெப்டோசோடோசின் அல்லது அலாக்ஸான் என்ற நச்சை ஊசியில் ஏற்றிப் பீட்டா செல்களைக் கொல்வார்கள். அலாக்ஸான் கொல்வதே ஃப்ரீ ராடிக்கல்களைப் பெருக்கித்தான். அப்படிப்பட்ட எலியிடம் எந்த ஆன்டிஆக்ஸிடன்ட்டும் ஓரளவு நன்றாகத் தெரியும். நமக்கு வருவது பெரும்பாலும் இரண்டாம் வகை: வயிற்றுக் கொழுப்பு, இன்சுலின் எதிர்ப்பு, பரம்பரை, பல வருட உணவுப் பழக்கம் எல்லாம் சேர்ந்து மெல்ல வருவது. அது வேறு கதை.

அளவையும் பாருங்கள். அந்த எலிகளுக்குக் கிலோவுக்கு 0.45 கிராம் சாறு கொடுத்தார்கள். எலியின் அளவை மனிதருக்கு மாற்ற வழக்கமாக 6-ஆல் வகுப்போம். அப்படிப் பார்த்தால் 60 கிலோ ஆளுக்குத் தினம் நாலரை கிராம். அதுவும் பூ அல்ல, காய்ச்சி வற்றவைத்த சாறு. ஒரு டம்ளர் தேநீரில் அவ்வளவு இறங்காது.

ஆவாரம்பூத் தேநீர் குடிக்கலாமா, கூடாதா?

குடிக்கலாம். அம்மா இன்றும் குடிக்கிறார். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்ற பழமொழியோடு வளர்ந்தவர். கொங்குப் பக்கம் பொங்கலுக்குக் காப்புக் கட்டும்போது வேப்பிலை, பூளைப்பூவோடு ஆவாரம்பூவையும் செருகுவோம். அந்தப் பூவின் மேல் எனக்கும் பாசம் உண்டு. அம்மா காலையில் சர்க்கரை போட்ட காபிக்குப் பதிலாக இதைக் குடிக்கிறார். இரண்டு கரண்டிச் சீனி தினமும் குறைந்தது. அந்த லாபம் மட்டும் கண்டிப்பாகக் கிடைக்கிறது. மாத்திரையும் தொடர்கிறது. பூவைப் பாசிப்பருப்போடு கூட்டு வைத்தாலும் நன்றாக இருக்கும்.

மனிதர்களிடம் சோதித்த செடி எது?

சில இருக்கின்றன. அவற்றுள் எனக்கு முக்கியமாகப் படுவது சிறுகுறிஞ்சான். சர்க்கரைக்கொல்லி என்றும் சொல்வார்கள். இலையை மென்றுவிட்டுச் சீனியை வாயில் போட்டால் மணலைத் தின்பது மாதிரி இருக்கும். அதிலுள்ள ஜிம்னெமிக் அமிலங்கள் நாக்கின் இனிப்பு உணர்விகளை அடைத்துக்கொள்வதால் வருவது அது. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஈ.ஆர்.பி. சண்முகசுந்தரம் குழுவினர் 1990-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் வகை நோயாளிகள் 22 பேருக்கு மாத்திரையோடு சேர்த்துத் தினம் 400 மில்லிகிராம் இலைச்சாறு, ஒன்றரை வருடத்துக்கு மேல் கொடுத்தார்கள். பலருக்கு மாத்திரையைக் குறைக்க முடிந்தது, ஐந்து பேருக்கு நிறுத்தவே முடிந்தது. நம் ஊரில் நடந்த நல்ல முயற்சி. ஆனால் 22 பேர்தான். யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் மாத்திரை என்று குலுக்கிப் பிரித்த சோதனை இல்லை. இதைப் பல நூறு பேரிடம் முறையாகச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

வேங்கையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே எடுத்துச் சோதித்தது. 1998-ல் வந்த முடிவு: 97 பேரில் 67 பேருக்கு 12 வாரத்தில் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. இதிலும் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. புதிதாக நோய் தெரிந்தவர்கள் உணவைக் கட்டுப்படுத்தினாலே சர்க்கரை இறங்கும் என்பதால், செடியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். வேங்கைக் குவளையில் ராத்திரி ஊற்றிய தண்ணீர் காலையில் நீலம் பாய்ந்த பழுப்பாக இருக்கும். அந்தச் சோதனையில் கொடுத்தது குவளைத் தண்ணீர் அல்ல, அளந்த மருந்து.

இலங்கையில் கிடைக்கும் கொத்தலாகிம்புட்டுத் தேநீர்?

நம் ஆவாரைக் குடிநீரில் வரும் கடலழிஞ்சில்தான் அது. அந்தச் செடியில் சலாசினால் என்ற பொருளை 1997-ல் ஜப்பானியர்கள் பிரித்தெடுத்தார்கள். குடலில் மாவையும் சீனியையும் குளுக்கோஸாக உடைக்கும் நொதியை அது தடுக்கிறது. அகார்போஸ் என்ற சர்க்கரை மாத்திரை செய்யும் அதே வேலை. இலங்கையில் 51 நோயாளிகளிடம், நோயாளிக்கும் மருத்துவருக்கும் எது அசல் தேநீர் என்று தெரியாத முறையில் சோதித்தபோது, எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தச் சோதனை) ஓரளவு இறங்கியது. இந்தப் பட்டியலில் வேலை செய்யும் விதம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்த செடி இதுதான். பாருங்கள், அந்த விதத்துக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட்டுக்கும் சம்பந்தமே இல்லை!

வெந்தயம், பாகற்காய், நாவல்கொட்டை?

வெந்தயம் நல்லது, அதன் பலம் கொழகொழப்பில் இருக்கிறது. அந்த நார் குடலில் களியாகிச் சர்க்கரை ஏறும் வேகத்தைக் குறைக்கிறது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 1990 ஆய்வில் கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடி தினம் 100 கிராம் கொடுத்தார்கள். ஒரு டீஸ்பூன் அதற்கு இணையாகாது, ஆனாலும் சேர்த்துக்கொள்வதில் தவறில்லை. பாகற்காயைப் பற்றி 2012-ல், நடந்த சோதனைகளையெல்லாம் சேர்த்து எடைபோடும் காக்ரேன் ஆய்வுத்தொகுப்பு, சான்று போதவில்லை என்று சொன்னது. காயாகச் சாப்பிடுங்கள், சாறாகப் பிழிந்து வெறும் வயிற்றில் குடிக்க வேண்டாம். நாவலில் பிரேசிலில் இலைத் தேநீரைச் சோதித்துப் பலன் இல்லை என்று கண்டார்கள். நம் ஊரில் பயன்படுத்துவது கொட்டை. அதற்கு அந்த அளவு சோதனைகூட நடக்கவில்லை.

நெல்லிக்காயில்தான் ஆன்டிஆக்ஸிடன்ட் அதிகமா?

குழாய்ச் சோதனையில் முன்வரிசையில் நிற்கும். 100 கிராமில் 600 மில்லிகிராம் வைட்டமின் சி என்று பழைய இந்திய உணவு அட்டவணைகள் சொல்லின. 2017 அட்டவணை 250 அளவில் சொல்கிறது. குறைந்த கணக்கை எடுத்தாலும் ஒரு பெரிய நெல்லிக்காய் அன்றைய தேவைக்குப் போதும். தேன்நெல்லி மட்டும் வேண்டாம். அது சர்க்கரைப் பாகில் ஊறியது. அப்புறம், வைட்டமின் சி அதிகமாக எடுப்பவர்களுக்குச் சிறுநீர்ச் சோதனைப் பட்டை சர்க்கரையைக் குறைத்துக் காட்டக்கூடும். ரத்தத்தில் பார்ப்பதே நம்பகம்.

அப்படியானால் வைட்டமின் சி, ஈ மாத்திரையாகப் போட்டால்?

இதற்குப் பதில் ரொம்பத் தெளிவாகவே கிடைத்திருக்கிறது. ஹோப் என்ற பெரிய சோதனையில் 9,000-க்கும் மேற்பட்டவர்களில் பாதிப் பேருக்குத் தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ கொடுத்தார்கள். பங்கேற்றவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சர்க்கரை நோயாளிகள். 2000-ல் வந்த முடிவு: மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. தொடர்ந்து கவனித்தபோது, 2005-ல், இதயச் செயலிழப்பு சற்றுக் கூடியிருந்தது.

என்னை இன்னும் யோசிக்க வைத்தது 2009-ல் ஜெர்மனியில் நடந்த ஒன்று. இளைஞர்கள் நான்கு வாரம் உடற்பயிற்சி செய்தார்கள். பாதிப் பேர் கூடவே வைட்டமின் சி, ஈ மாத்திரை எடுத்தார்கள். பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கியது, மாத்திரை எடுக்காதவர்களுக்கு மட்டும். ஓடும்போது எழும் கொஞ்சம் ஃப்ரீ ராடிக்கல்தான் தசைக்கு "திருந்து" என்று சொல்லும் சேதி. அதை மாத்திரை வாயடைத்துவிட்டது.

மஞ்சள்?

மஞ்சளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான், அதுவும் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. மிளகின் பைப்பரின் சேர்ந்தால் ரத்தத்தில் 20 மடங்கு வரை கூடும் என்று பெங்களூரில் 1998-ல் கண்டார்கள். தாய்லாந்தில் 2012-ல், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 240 பேரிடம் குர்குமின் மாத்திரை வியக்கத்தக்க பலன் காட்டியது. ஒரே சோதனை என்பதால் அதை வைத்து வீட்டில் மருந்து மாற்றக் கூடாது. ரசத்திலும் குழம்பிலும் போடுவதைப் போடுங்கள்.

மூலிகை எடுத்தால் மாத்திரையை நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். ரசாயன மருந்து என்று பயந்து விடுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை பிறந்ததே ஒரு மூலிகையிலிருந்துதான். ஐரோப்பாவின் கலேகா செடியில் இருந்த பொருளைப் பின்பற்றி, நச்சுத்தன்மை குறைந்த வடிவமாகச் செய்து, பிரான்சில் 1957-ல் ழான் ஸ்டேர்ன் நோயாளிகளுக்குக் கொடுத்தார். அந்தச் செடியைத் தின்ற ஆடுகள் செத்தது உண்டு. சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் இன்றைய மாத்திரைகளின் மூலமும் ஆப்பிள் மரப்பட்டையில் கிடைத்த ஃப்ளோரிசின். செடியிலிருந்து எடுத்து, அளவு கண்டு, தீங்கைக் கழித்த பிறகு உங்கள் கைக்கு வருவதுதான் அந்த மாத்திரை.

கடையில் "சர்க்கரை முற்றிலும் குணமாகும்" என்று விற்கிறார்களே?

அப்படி விளம்பரம் செய்வதே சட்டப்படி குற்றம். 1954-ன் மருந்துகள், மாய வைத்தியங்கள் விளம்பரச் சட்டத்தில், குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் பட்டியலில் நீரிழிவும் இருக்கிறது. பெயரில்லாத பொடி இரண்டே நாளில் சர்க்கரையைத் தடாலென்று இறக்கினால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள். இப்படிப்பட்ட பொடிகளில் கிளிபென்கிளமைடு என்ற அலோபதி மருந்தே கலந்திருப்பதைப் பல நாடுகளில் பிடித்திருக்கிறார்கள். ஈயம், பாதரசம் இருந்த பொடிகளும் அகப்பட்டிருக்கின்றன. மூலிகை வேண்டுமென்றால் அரசு சித்த மருத்துவமனைக்குப் போய்க் கேளுங்கள்.

யார் தவிர்க்க வேண்டும்?

கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், சிறுநீரகமோ கல்லீரலோ பழுதானவர்கள், குழந்தைகள். அறுவை சிகிச்சை இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சிறுகுறிஞ்சானால் கல்லீரல் அழற்சி வந்ததாகவும் பதிவு உண்டு, அபூர்வம்தான்.

எனக்கு வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மருத்துவரிடம் சொல்லிவிட்டு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு செடியைச் சேருங்கள். ஐந்து பொடியை ஒன்றாகக் கலந்தால் எது என்ன செய்தது என்று யாருக்கும் தெரியாது. தொடங்கும் முன் எச்பிஏ1சி பாருங்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். சர்க்கரை ஹீமோகுளோபினில் எவ்வளவு ஒட்டிக்கொண்டது என்று காட்டும் அளவு அது. ரத்தச்சோகை இருந்தால் எண் மாறும், அதையும் சொல்லுங்கள். அந்த மூன்று மாதத்தில் நடையையோ சோற்றின் அளவையோ மாற்றியிருந்தால், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரையோடு மூலிகையும் எடுக்கும்போது சர்க்கரை ரொம்ப இறங்கிவிட்டால்?

வியர்வை, படபடப்பு, கை நடுக்கம், திடீர்ப் பசி, பேச்சுக் குழறல் வந்தால் உடனே பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை குடியுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். கடலழிஞ்சில் குடிப்பவர்கள் வீட்டில் குளுக்கோஸ் பொடியே வைத்திருக்க வேண்டும், சீனி போதாது. அகார்போஸ் எடுப்பவர்களுக்குச் சொல்லும் அதே எச்சரிக்கைதான் இது: சீனியை உடைக்கும் நொதியை அந்தச் செடி தடுப்பதால், சீனி குடித்தாலும் ரத்தத்தில் ஏற நேரமாகும்.